கொரட்டூருக்கு முன்னால் ஒரு கோடு

வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்ன நாளிலிருந்து அம்பத்தூர் பக்தவத்சலத்துக்கு மூக்கு நுனியில் கோபம். போனால் கொரட்டூர்தான் என்றான். மனைவி பூங்காவனம் வேப்பம்பட்டு என்றாள். அங்கேதான் அவள் அம்மா இருந்தாள்.

"மாமியா ஊட்டாண்ட குடி போறதுக்கு, தண்டவாளத்துல பாய் போட்டுப் படுத்துக்குவேன்!"

"கொரட்டூர்ல ஊடு எங்க கீது? காட்டு, வரேன்."

"கம்ப்யூட்டர்லயே காட்டறேன்டி!"

தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்த தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. ஜமீலா நடத்தும் சென்டருக்கு அவளை இழுத்துக்கொண்டு போனான். சென்னை வாடகை வீடுகளுக்கென்றே இருந்த ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, வாடகை வீடு, கொரட்டூர் என்று இங்கிலீஷில் ஒற்றை விரலால் குத்தினான். தாம்பரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இருக்கிற வீடெல்லாம் வந்து விழுந்தது. பல்லை நறநறவென்று கடித்தான்.

"கடுதாசில ஊர் பேருக்குக் கோடு போடுவல்ல? அந்த மாரி கொரட்டூருக்கு முன்னாடி ஒரு கோடு போடுயா," என்றாள் பூங்காவனம். "ஒட்டிப் போடு. நடுவுல எடம் உடாத."

போட்டான். ஆவடி வந்தது. கரையான்சாவடி வந்தது. கிணற்றோடு, முருங்கை மரத்தோடு வேப்பம்பட்டு வந்தது. கொரட்டூர் மட்டும் பேருக்குக்கூட இல்லை. மறுபடி குத்தினான். மறுபடியும் இல்லை. மவுஸைத் தூக்கி மேசையில் ஓங்கி அடித்தான்.

"அண்ணே, அது நெஜ எலி இல்லண்ணே!" என்று ஜமீலா ஓடிவந்தாள்.

"கம்ப்யூட்டரே இல்லன்னுட்ச்சு. அது இன்னா, எங்கம்மாவுக்குச் சொந்தமா?" என்றாள் பூங்காவனம்.

அடுத்த மாதமே வேப்பம்பட்டு. வேலைக்குப் போக தினமும் ரயிலில் நசுங்கினான். மாமியார் தினமும் வந்தாள்.

ஒருநாள் அம்பத்தூரில் இறங்கி, சென்டரில் ஜமீலாவிடம் அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டித் தீர்த்தான்.

"பேருக்கு முன்னாடி ஒட்டிக் கோடு போட்டா, அந்தப் பேர் வேணாம்னு அர்த்தம்ண்ணே. அத்தத் தள்ளிட்டு மத்ததத்தான் காட்டும்," என்றாள் ஜமீலா. "அக்காவுக்குத் தெரியுமே! எங்கிட்டதான கம்ப்யூட்டர் கத்துக்கினாங்க?"

ரத்தம் கொதிக்க வீடு வந்து சேர்ந்தான். "அடியே! தெரிஞ்சேதான கோடு போடச் சொன்ன?"

பூங்காவனம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஆமாயா. கல்யாணமாகி அன்னிக்கு ஒருநாள்தான் நான் சொன்னத எதுத்துப் பேசாம செஞ்ச. அதுக்கும் இப்ப வந்து கத்தறியே!"