பெட்டிக்கு நான் கொடுத்த விலாசம்

என் மாமனார் வாயால், அதுவும் என் சகலையின் காதுபட, "மாப்பிள்ளை கெட்டிக்காரர்" என்று ஒரு தடவையாவது சொல்ல வைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கல்யாணமானதிலிருந்து நானாக எடுத்த ஒரே பெரிய முடிவு இதுதான். மற்ற முடிவுகளை என் மனைவி எடுத்துவிடுவாள்.

ஏன் இந்த வெறி என்று கேட்பீர்கள். நான் ஒரு செருப்புக் கடையில் மேலாளர். ஒருவர் கடை வாசலில் ஏறும்போதே அவர் கால் அளவைச் சொல்லிவிடுவேன். கடையில் அதற்காக எனக்கு நல்ல பெயர். வீட்டில் அந்தத் திறமைக்கு வேலை இல்லை. வீட்டில் இருப்பது மொத்தம் நாலு கால், அதில் இரண்டு என்னுடையவை. வீட்டில் எதிர்பார்ப்பதெல்லாம் கை வேலை. காலை நம்பிப் பிழைக்கிறவன் கையை வைத்தால் என்ன ஆகும்? இஸ்திரிப் பெட்டியில் கை வைத்தேன், அது வெறும் பெட்டியானது. குழாயில் கை வைத்தேன், கீழ்வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே மேலே வந்தார்.

என் சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், அப்படி இல்லை. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் டெஸ்டர் வைத்திருப்பவர். யார் வீட்டுக்குப் போனாலும் எதையாவது சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். அவரைப் பற்றிப் பேசும்போது மாமனாருக்குக் குரலே குழைந்துவிடும். என்னைப் பற்றிப் பேசும்போது "நல்ல மனுஷர்" என்பார். சொல்வதற்கு வேறெதுவும் கிடைக்காதவனைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

சந்தர்ப்பம் தானாக வந்தது. சகலையின் மகளுக்கு வெளியூரில் நீச்சல் போட்டி. கொழுந்தியாள் மகளோடு கிளம்பிப் போய்விட்டாள். போட்டியை எந்தச் சேனலிலும் காட்டமாட்டார்கள், இணையத்தில் மட்டும்தான் நேரடியாக வரும். எங்கள் வீட்டு டிஷ் பெட்டியை வைஃபையோடு இணைத்திருக்கிறோம். அதனால் இணையத்தில் வருவதையும் பெரிய டிவியில் பார்க்கலாம். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் இங்கயே வந்துடுங்க" என்று மனைவி போனில் சொன்னது காதில் விழுந்ததும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அதுதான் எல்லா வினைக்கும் காரணம்.

பெட்டியின் இணைப்பை நானே முன்கூட்டிக் கெடுத்து வைப்பது என்பது திட்டம். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் திரையில் "இணைப்பு இல்லை" என்று வரும். சகலை டெஸ்டரோடு எழுந்திருப்பார். வயரைப் பிடுங்குவார், செருகுவார், வியர்ப்பார். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவர் கைவிரித்த பிறகு மெதுவாக எழுந்து, ரிமோட்டை வாங்கி, நாலு பட்டனை அமுக்கி, "ஒண்ணுமில்ல, விலாசம் மாறியிருக்கு" என்பேன். நாமே கெடுத்ததை நாமே சரிசெய்வதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

வைஃபையில் ஓடும் ஒவ்வொரு கருவிக்கும் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி ஒரு எண் உண்டாம். சாதாரணமாக அதைத் தானாகவே வாங்கிக்கொள்ளும். நாம் கையால் கொடுக்கவும் வழி இருக்கிறது. புதன்கிழமை மனைவி வெளியே போன நேரம், பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் புகுந்து "தானாக" என்றிருந்ததைக் "கையால்" என்று மாற்றினேன். என்ன எண் என்று கேட்டது. எண்ணுக்கு நான் எங்கே போவேன்? மனைவியின் கம்ப்யூட்டரைத் திறந்து, அதற்கு என்ன எண் இருந்ததோ அதையே பார்த்து எழுதினாற்போல் போட்டேன். ஏற்கனவே நம் வீட்டில் குடியிருக்கிற எண், அதனால் விபரீதம் எதுவும் வராது என்று ஒரு நம்பிக்கை. "இணைப்பு இல்லை" என்று வந்தது. டிவியை அணைத்துவிட்டு, பெட்டியை அணைக்க மறந்து, விசில் அடித்துக்கொண்டே கடைக்குப் போனேன்.

என் மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பாள். மறுநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"ஏங்க, என் கம்ப்யூட்டர்ல நெட் வருது, போகுது, வருது, போகுது. என்னன்னே தெரியல."

"வெளிய மேகமா இருக்குல்ல."

"மேகத்துக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லாம் மேல இருந்துதானே வருது."

சாதத்தில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"டிவி பெட்டியை ஏதாவது தொட்டீங்களா?"

"நானா? அதை ஆன் பண்ண எந்த ரிமோட்னே எனக்கு இன்னும் தெரியாது."

"சரி," என்றாள்.

என் மனைவி ஒரு பேச்சை "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் நான் பயப்பட வேண்டும். அன்றைக்கு என்னமோ சந்தோஷப்பட்டேன். சனிக்கிழமை, போட்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "நாலு மணிக்கு. அதுக்குள்ள சட்டையை மாத்திக்கிட்டு நல்லா உக்காருங்க" என்றாள். அந்தச் சட்டையை நானே இஸ்திரி போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன், பழைய ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள். மாமனாருக்கு முழங்கால் வலி. படியேறி வந்து மூச்சு வாங்க முன் நாற்காலியில் உட்கார்ந்தார். தூரப் பார்வைக் கண்ணாடியைத் தனியாக ஒரு கூட்டில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"என் பேத்தி நீந்தி நான் பாத்ததே இல்ல மாப்பிள்ளை. இந்தக் காலை வச்சிக்கிட்டு அவ்வளவு தூரம் எங்க போறது? உங்க வீட்டு டிவியாலதான் இன்னிக்குப் பாக்கப் போறேன்."

அதைக் கேட்டதும் திட்டத்தைக் கைவிட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சகலை பையில் டெஸ்டர் மினுங்கிக்கொண்டிருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

மனைவி டிவியைப் போட்டாள். நான் "இணைப்பு இல்லை"க்காகக் காத்திருந்தேன்.

நீச்சல் குளம் வந்தது.

பளிச்சென்று, கரையில் இருந்த நாற்காலிகள் வரைக்கும் தெளிவாக வந்தது. குளத்தைச் சுற்றிக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, படம் சும்மா கண்ணாடி மாதிரி வருதே," என்றார் சகலை.

"பரவால்ல," என்றேன். நான் கெடுத்து வைத்தது எப்படி ஓடுகிறது? நான் கை வைத்தும் ஒரு பொருள் கெடாமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவும் இன்றைக்கா? மாமனார் இன்னும் சற்று நேரத்தில் பேத்தியைப் பார்த்துவிட்டு "நல்ல மனுஷர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அதைத் தாங்க முடியவில்லை. ரிமோட்டை எடுத்தேன்.

"என்ன அண்ணே?"

"தண்ணி சரியான நீலமா இல்ல."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, நல்லாத்தானே வருது?"

"இன்னும் நல்லா வரும். நீ சும்மா இரு."

அமைப்புப் பக்கத்துக்குப் போனேன். "தானாக" என்று இருந்தது. பெட்டியே மனசு கேட்காமல் மாறிக்கொண்டதா என்று யோசிக்கவெல்லாம் நேரமில்லை. மறுபடி "கையால்" என்று மாற்றினால் போதும். ஆனால் பின்னால் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவசரத்தில் ஒரு வரி கீழே போய்விட்டேன். பெட்டி ஏதோ கேட்டது. நான் வீட்டில் எந்தக் கேள்விக்கும் "ஆம்" என்று சொல்லியே பழகியவன். "ஆம்" என்று அமுக்கினேன்.

எல்லா அமைப்புகளையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்பதுதான் அது கேட்ட கேள்வி.

திரை கறுத்தது. பெட்டி அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்து, கடைசியில் உயிர் வந்ததும் எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு மொழியில் பேசத் தொடங்கியது. எழுத்தெல்லாம் கொக்கியும் புள்ளியுமாக இருந்தது.

சகலை பக்கம் திரும்பினேன். கெஞ்சுகிற மாதிரி பார்த்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

"நீங்க பாக்குறீங்களா?"

"நீங்களே பாருங்க அண்ணே. நான் கரண்டு வரைக்கும்தான். இதெல்லாம் உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க தொடணும்."

எழுந்திருக்கக்கூட இல்லை. உதட்டை அழுத்திக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அமுக்கினேன். கொக்கிகள் இடம் மாறின. மறுபடி அமுக்கினேன். புள்ளிகள் கூடின. சுவர்க் கடிகாரம் நாலை நெருங்கியது. மாமனார் அதை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

அவர் திட்டியிருந்தால் தேவலை. முழங்கால் வலியோடு இத்தனை படி ஏறி வந்த மனிதர். பேத்தி குளத்தின் கரையில் நின்றுகொண்டிருப்பாள். நடுவில் நான் நிற்கிறேன், ஒரு பாராட்டுக்கு ஆசைப்பட்டு, ஓடுகிற டிவியை என் கையாலேயே கெடுத்துவிட்டு. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வெட்கத்தில் காது மடல் சுட்டது. கடை வேலையாள் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பேன்.

"ஏங்க," என்று சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். அங்கிருந்து பார்த்தால் டிவி தெரியும். "நீங்க அன்னிக்கு எனக்குச் சொல்லிக் குடுத்தீங்களே, மொழி மாறிடுச்சுன்னா கீழ இருந்து மூணாவதை எடுக்கணும்னு."

நான் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் "ஆமா ஆமா" என்று கீழிருந்து மூன்றாவதை எடுத்தேன். கொக்கிகள் போய்த் தெரிந்த எழுத்துகள் வந்தன.

"பலே," என்றார் மாமனார்.

"இப்ப சாட்டிலைட்டைத் தேடட்டுமான்னு கேக்கும். 'அது எங்கயும் போயிடாது, தாண்டிடலாம்'னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்." தாண்டினேன்.

"அப்புறம் நம்ம வைஃபை பேர். அப்புறம் பாஸ்வேர்ட். நீங்க ஆசையா வச்சதுதான், நம்ம கல்யாண தேதி."

விரல் நின்றுவிட்டது. மாமனார் என்னைப் பார்த்தார். கல்யாணத்தை நடத்தி வைத்த மனிதர். ஒரு தேதியைப் போட்டேன். "தவறு" என்று வந்தது. சமையலறையில் ஒரு தட்டு சத்தமாக விழுந்தது. தேதியில் ஒரு நாளைக் கூட்டிப் போட்டேன். இணைப்பு கிடைத்தது.

குளம் வந்தபோது மணி நாலே கால். எல்லாம் முடிந்திருக்கும் என்றே தோன்றியது. ஆனால் யாரோ பையன்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

"அங்கயும் ஏதோ லேட் போலிருக்கு மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

தெய்வம் கண் திறந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெண்கள் வந்தார்கள். சிவப்புத் தொப்பி போட்டவள்தான் எங்கள் குழந்தை என்று சகலை எழுந்து நின்று காட்டினார். மாமனாரும் எழுந்துவிட்டார், முழங்காலை மறந்து. இரண்டாவதாக வந்தாள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் தோளில் கையைப் போட்டு, சகலையின் காதுபடச் சொன்னார்.

"மாப்பிள்ளை கெட்டிக்காரர்."

எந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தேனோ அந்த வார்த்தை. கேட்டதும் பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. சகலை வேறு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்கள் கிளம்பும் வரைக்கும் தலை நிமிரவில்லை. எல்லோருடைய கால்களையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்தப் பெட்டியை முதல்ல நான்தான்..."

"புதன்கிழமை. என் கம்ப்யூட்டர் நம்பரையே அதுக்கும் போட்டீங்க. ஒரே விலாசத்துல ரெண்டு பேர் இருந்தா, வர்றது யாருக்குப் போய்ச் சேரும்? வியாழக்கிழமை ஒரு டாக்டர் பேசினதுல பாதி எனக்கு வந்துச்சு, மீதி எங்க போச்சுன்னே தெரியல. அன்னிக்கே கண்டுபிடிச்சு மாத்தி வச்சிட்டேன்."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. மேகம்னீங்க."

வெட்கம் மறுபடி காதுவரை ஏறியது. ஒரு துணியை எடுத்து, அவள் கழுவி வைத்த டம்ளர்களைத் துடைக்க ஆரம்பித்தேன். அதில் கெடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியதால் அவளும் விட்டுவிட்டாள்.

"உங்க அப்பா முன்னாடி என் மானத்தைக் காப்பாத்தினே. இதை நான் மறக்கமாட்டேன்," என்றேன். "ஆனாலும் நல்ல வேளை, அங்க போட்டி லேட் ஆச்சு. இல்லன்னா அந்த மனுஷர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவள் குழாயை மூடினாள்.

"லேட்டெல்லாம் ஆகலீங்க. போட்டி நாலரைக்குத்தான், உங்களுக்கு மட்டும்தான் நாலுன்னு சொல்லி வச்சிருந்தோம்."