வல்லநாட்டுக்கு இப்பால் நின்றுபோன ஏசி

பாளையங்கோட்டை
மே 21

அன்பு மைத்துனன் மெர்வினுக்கு,

உன் அத்தான் வேதநாயகம் எழுதிக்கொள்வது. கோயம்புத்தூரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறோம். இவ்விடம் நானும் உன் அக்காள் சாரம்மாளும், பேறுகாலத்துக்கு வந்திருக்கும் மகள் பிரிஸில்லாவும் உயிரோடு இருக்கிறோம். சுகமாயிருக்கிறோம் என்று எழுத மனசாட்சி இடம் தரவில்லை. காரணம், போன வருடம் நீ எனக்கு விற்ற கார். போனில் கேட்டால் நாளைக்கு நீ அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். பத்திர ஆபீஸில் முப்பத்தொரு வருடம் அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான். ஆகவே எழுத்தில் கேட்கிறேன். ஏசியில் ஓட்டை இருப்பது தெரிந்துதானே அந்த வண்டியை என் தலையில் கட்டினாய்?

இந்த மாதத் தொடக்கத்தில் ஏசியிலிருந்து வந்த காற்று, அடுப்பங்கரை ஜன்னலில் வருகிற காற்றைப் போல இருந்தது. பதினெட்டாம் தேதி தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து பிரிஸில்லாவை அழைத்துவர வேண்டும், ஏழு மாதக்காரி. மேலப்பாளையத்தில் கார் ஏசி பட்டறை வைத்திருக்கும் காஜா முகைதீனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “கேஸ் தானா தீராது அண்ணாச்சி, எங்கனயோ கசியுது. அதக் கண்டுபிடிக்காம ரொப்புனா பிரயோசனம் இல்ல. ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க” என்றார். ஒரு நாள் எதற்கு? சைக்கிளுக்குக் காற்றடிக்க ஒரு நிமிஷம் போதாதா? போதாததற்கு எனக்குச் சாயா வேறு வாங்கிக் கொடுத்தார். வண்டி வேலைக்கு வந்தவனுக்குச் சாயா வாங்கித் தருகிறவரிடம் வண்டியை ராத்தங்க விடலாமா என்று யோசித்தேன். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வந்தவன், இரண்டு நாள் யூடியூப் பார்த்து, ஆன்லைனில் கேஸ் டப்பா இரண்டும், வட்ட மீட்டர் வைத்த ஒரு ரப்பர் குழாயும் வாங்கிவிட்டேன்.

உன் அக்காள் சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஹெல்மெட்டும் பாத்திரம் தேய்க்கிற கையுறையும் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுசாக வைத்து, முதல் டப்பாவைக் கவிழ்த்ததும் மீட்டர் முள் பைய ஏறிப் பச்சைக்கு வந்தது. உள்ளே உட்கார்ந்தால் கொடைக்கானல். பச்சையைத் தாண்டக் கூடாது என்று டப்பாவில் அச்சடித்திருந்தது. வாங்கின சரக்கைப் பயன்படுத்தாதே என்று ஒரு கம்பெனிக்காரன் சொன்னால் அதில் ஏதோ சூது இருக்கத்தானே வேண்டும்? இரண்டாவதையும் ஏற்றினேன். கையுறைக் கிழிசல் வழியே டப்பாவின் குளிர் பட்டு, ஆள்காட்டி விரல் மரத்து வெளுத்து, பிறகு சூடுபட்டது போலக் கொப்பளித்துவிட்டது. உன் அக்காள் வந்து கேட்டபோது, காஜா பட்டறையில் சரிசெய்துவிட்டேன் என்று சொன்னேன். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய்.

பதினெட்டாம் தேதி விமான நிலையத்துக்குப் போகும்போது உன் அக்காள் குளிருக்குச் சேலையால் தோளைப் போர்த்திக்கொண்டு வந்தாள். திரும்பும்போது வல்லநாட்டைத் தாண்டியதும் முன்பக்கம் கடகடவென்று சத்தம், அப்புறம் ‘புஸ்’ஸென்று வெள்ளைப் புகை, அதன் பின் அனல். வண்டியை ஓரங்கட்டினேன். மத்தியானம் ஒன்றரை மணி. பிரிஸில்லா கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டாள், உதடு வெளுத்திருந்தது. நான் தண்ணீரைத் தெளித்தேன், பாதி என் சட்டையிலேயே விழுந்தது. உன் அக்காள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காஜாவுக்குப் போன் போட்டு, “என்ன வேல தம்பி பாத்திருக்கிய, மாசமா இருக்க பிள்ளைய நடுரோட்டுல நிக்க வச்சிட்டியளே” என்றாள். நான் அந்த நேரத்தில் ஒரு பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். வாறேன் என்று மட்டும் சொன்னாராம்.

முக்கால் மணியில் வந்துவிட்டார், தன் காரில், தன் ஆள் தாவூதையும் கூட்டிக்கொண்டு. தாவூது அதே காரில் தாயையும் மகளையும் வீட்டுக்கு அழைத்துப் போனான். எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கார் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அவர்கள் மறைந்த பிறகு காஜா மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

“எத்தன டப்பா ஏத்துனிய அண்ணாச்சி?”

“ஒண்ணு.”

அவர் மீட்டரைப் பார்த்தார், பிறகு என் விரலைப் பார்த்தார். “ரெண்டுல்லா ஏறியிருக்கு” என்று சொல்லிவிட்டு, பானெட்டை மூடி, ஜன்னல்களை இறக்கிவிட்டு, அவரே பட்டறைக்கு ஓட்டிவந்தார். ஏசுவார் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். ஏசவில்லை. என்ன மனுஷர் என்றே புரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் பிரிஸில்லா மோர் குடித்துத் தெளிந்திருந்தாள். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். பிரிஸில்லா என் கையைப் பிடித்து, “பட்டறைல வேல செஞ்சா உங்க விரல் எப்படிப்பா வெந்துச்சு?” என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “வெயில் எனக்குப் பழக்கந்தாம்பா. அந்த அண்ணன அம்மா ஏசும்போது நீங்க சும்மா இருந்தீங்க பாருங்க, அதான் எனக்குத் தாங்கல” என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் பட்டறையில் ஒரு ஸ்டூல் போட்டு, காலை முதல் மாலை வரை கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மிச்ச கேஸையெல்லாம் ஒரு மெஷினால் உறிஞ்சி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து, முன்னால் இருக்கும் கண்டென்சரை மாற்றி, தங்கம் நிறுப்பது போலக் கேஸை நிறுத்து ஏற்றினார். ஒரு நாள்தான் ஆனது. ஓட்டை எப்படி விழுந்தது என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, பழைய வண்டிதானே அண்ணாச்சி என்றார். அந்தப் பார்வையை நான் அறிவேன். பொய் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவன் பார்வை. விற்றவனைக் காட்டிக் கொடுக்க விரும்பவில்லை. விற்றவன் நீ. ஆகவே இக்கடிதம் கண்டதும் உன் விளக்கத்தை எழுத்தில், தேதியோடு அனுப்பவும்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். சமாதானத்தின் தேவன் உன்னோடு இருப்பாராக; நான் இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
அ. வேதநாயகம்

பி.கு.: தபால்தலை ஒட்டிய பிறகு உன் அக்காள் இதைப் பிரித்து வாசித்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கண்டென்சரைக் குத்திக்கொண்டு நின்றதாம். அண்ணாச்சி மனசு சங்கடப்படும், இப்போது சொல்ல வேண்டாம் என்று காஜா தம்பி தாவூது மூலம் அவளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஏப்ரலில் நானே டிரில்லிங் மெஷின் வாங்கி, முன்பக்கம் இரண்டு பனிவிளக்கு பொருத்தினேன். பாளையங்கோட்டையில் பனி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆகவே மேலே உன்னைக் குறித்து எழுதிய அனைத்தையும் இதன்மூலம் ரத்து செய்கிறேன். வாசித்ததும் எரித்துவிடு. ஆனாலும் ஒன்று: விளக்கு விற்ற கடைக்காரன் அத்தனை நீள ஸ்க்ரூவை ஏன் கொடுத்தான் என்று நாளைக்குப் போய்க் கேட்கத்தான் போகிறேன்.