ஒரே ஓட்டத்தில் இரும்புச்சத்து

உலகத்துக்கே பனியன் போட்டுவிட்ட திருப்பூர், இனி உலகத்துக்கு மருந்து சாப்பிடவும் கற்றுக்கொடுக்கும் என்பதில் மயில்சாமிக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் புரட்சி, அவர் 'மனிதவள மேலாளராக' வீற்றிருந்த வேலம்பாளையம் கம்பெனியில்தான் வெடித்தது.

தைக்கிற பெண்களுக்கு ரத்தம் குறைவாமே என்று, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கவலைப்பட்டுவிட்டார். பையர் கவலைப்பட்டால் முதலாளி கவலைப்படுவார். முதலாளி கவலைப்பட்டால் மயில்சாமிக்குச் சோறு இறங்காது. இரும்புச்சத்து மாத்திரை பெட்டி பெட்டியாக வந்திறங்கியது. அதை எப்போது கொடுப்பது என்று ஏசி அறையில் கூட்டம் போட்டார்கள். வேலை நேரத்தில் கொடுத்தால் மிஷின் நிற்கும். மிஷின் நிற்பதைவிட ரத்தம் குறைவதே மேல் என்று எல்லோரும் ஒருமனதாகக் கருதினார்கள்.

மயில்சாமி எழுந்தார். "ஓவர்லாக் மிஷினைப் பாருங்க. தைக்கறதும் ஓரம் வெட்டறதும் ஒரே ஓட்டம். மாத்திரையும் டீயும் மட்டும் ஏனுங்க தனித்தனியாப் போகோணும்?"

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. தையல் மிஷின் ஓடும் மேசைக்குக் கம்பெனியில் பவர் டேபிள் என்று பேர்; 'பவர் டேபிளுக்கு ஒரு பவர் டேபிளட்' என்று திட்டத்துக்குப் பெயரும் அவரே சூட்டினார். கையில் டீ, வாயில் மாத்திரை என்று பெண்கள் வரிசையாக நிற்பதைப் போட்டோவில் பார்த்த பையர் நெகிழ்ந்துபோய்விட்டார்.

மாத்திரை ஒழுங்காக இறங்கியது. ரத்தம்தான் ஏறவில்லை. இது ரத்தத்தின் ஒழுங்கீனம் என்று மயில்சாமி முடிவு கட்டினார்.

ஓவர்லாக் டெய்லர் சித்ராதேவி மிஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள். அடுத்த பரிசோதனையிலும் ரத்தம் ஏறாவிட்டால், அவளைப் பிசிர் வெட்டும் ஹெல்பராக இறக்கிவிடுவது என்று 'கருணையோடு' முடிவாயிற்று. ஹெல்பராகச் சேர்ந்து டெய்லர் என்று பேர் வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பரிசோதனை முடிவு வந்தது. ரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுநாள் காலையில் ஷிப்ட் தொடங்கியதும் சித்ராதேவி ஏசி அறைக்கு வந்து மயில்சாமி முன்னால் நின்றாள்.

"சார், டீயோட போட்டா இரும்பு ஒடம்புல ஒட்டாதுன்னு ரத்தம் பாத்த நர்சம்மா சொல்றாங்க. டீ குடிக்காத நேரமா, எலுமிச்சம்பழத் தண்ணியில போடோணுமாங்க. மாத்திரையக் கையில குடுத்தீங்கன்னா ஊட்டுக்குக் கொண்டுபோயிப் போட்டுக்கறனுங்க."

"ஊட்டுக்கா? நீ ஊட்டுல போட்டா போட்டோ யாரு அம்மிணி எடுக்கறது?"

"இன்னொரு மாசம் டைம் குடுங்க சார். ரத்தம் ஏறீருங்க."

"கம்பெனி குடுத்த இரும்பை நீ உடம்புல சேத்துக்க மாட்டேங்கறே. அதுக்குக் கம்பெனி என்ன பண்ண முடியும், சொல்லு?" அவளைப் பிசிர் வெட்ட அனுப்பும் உத்தரவில் மிகுந்த வருத்தத்தோடு கையெழுத்துப் போட்டார்.

அப்போது டீ கொடுக்கும் குப்பாயி அவர் மேசையில் ஒரு டம்ளரை வைத்தாள். மயில்சாமி பதறிப் பின்வாங்கினார்.

"எடு, எடு! இப்பத்தான் தைராய்டு மாத்திரை போட்டிருக்கறேன். ஒரு மணி நேரத்துக்கு டீ வாசமே ஆகாது, மாத்திரை வேலை செய்யாதுன்னு டாக்டர் கறாராச் சொல்லியிருக்காரு."

சித்ராதேவி அவரையே பார்த்தாள். மயில்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பாக்கறே? அது கம்பெனி மாத்திரை, குடுத்தாப் போதும். இது என்ற சொந்த மாத்திரை, வேலை செய்யோணும்!"