கறைபடாத கரங்களும் ஒரு சொட்டு மருந்தும்

மனித அறிவு எட்டிய உச்சங்களைப் பட்டியலிடுபவர்கள் அந்த ஊர்ப் பல் மருத்துவர் சங்கத்தை விட்டுவிடக் கூடாது. உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. தெரிந்ததைச் செய்து அதன் புனிதத்தைக் கெடுத்தவரும் எவருமில்லை.

இதை நிரூபித்தது ஒரு கணக்கெடுப்பு. நடத்தியவர் சங்கச் செயலாளர். அவருடைய துளைக்கருவியின் சத்தம் பேருந்து நிறுத்தம் வரை கேட்கும் என்பதால் ஊருக்கு அவர் 'மெஷின் டாக்டர்'.

கேள்விகள் இரண்டு. சொத்தைக்குத் தடவும் வெள்ளி ஃப்ளோரைடு மருந்தை அறிவீர்களா? நாற்பத்தொரு பேரும் அறிவார்கள். ஒருவர் எட்டுப் பக்க விளக்கமே இணைத்திருந்தார். பயன்படுத்துகிறீர்களா? நாற்பத்தொரு பேரும் 'இல்லை' என்றார்கள். பொய்ப் பதில் தந்தவரைச் சங்கத்திலிருந்து நீக்கும் விதியை மெஷின் டாக்டரே எழுதிச் சேர்த்திருந்தார்.

மருந்து மிக எளிமையானது. அதுதான் அதன் குறை. ஒரு சொட்டு தடவினால் சொத்தை அப்படியே நின்றுவிடும். ஊசி இல்லை, துளை இல்லை. பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். டாக்டரிடமும் ஒரு பாட்டில் இருந்தது. பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில், சீல் உடையாமல்.

சனிக்கிழமை ஓர் அம்மா தன் ஆறு வயதுப் பையனுடன் வந்தாள்.

"டாக்டர், துளை போடாம தடவுற மருந்து ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு."

"அதையே தடவிடுங்களேன்."

"பல்லு கறுத்துடும்மா."

"விழப்போற பால் பல்லுதானே?"

"விழும்போது அழகா விழ வேண்டாமா?"

இந்த உயர்ந்த கொள்கைக்கான பதில் பையனிடம் இருந்தது. நர்ஸின் கையைக் கடித்தான். சிகிச்சை செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் காலை டாக்டரின் ஐந்து வயது மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பாப்பா, ஆ காட்டு."

"மெஷின் வெச்சிருக்கியாப்பா?"

"இல்லடா."

"பாக்கெட்டைக் காட்டு."

மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். "அந்தச் சின்ன பாட்டிலைத் தடவினா என்னங்க?"

"நான் சங்கத்துச் செயலாளர்."

"அவ உங்களை அப்பான்னுதான் கூப்பிடுறா."

டாக்டர் பாட்டிலை எடுத்து வந்தார். கையுறை அணியவில்லை. காரணம் நுட்பமானது. அணிந்தால் அது சிகிச்சை. அணியாவிட்டால் ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு எதையோ தடவுகிறான். சங்க விதியில் தகப்பன் என்ற சொல்லே கிடையாது.

ஒரு நிமிடம் ஆனது.

"அவ்ளோதானாப்பா?" என்றாள் மகள். பதினைந்து ஆண்டுத் தொழிலில் அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்ததே இல்லை.

திங்கள் காலை அவருடைய வலது ஆள்காட்டி விரல் கறுத்திருந்தது. சோப்பு, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாம் தோற்றன. கணக்கெடுப்பு அறிக்கையை நிறைவேற்றும் சங்கக் கூட்டம் அன்று மாலைதான். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனார்.

தலைவர் முழங்கினார். "இந்த மருந்தைத் தொட்டதே இல்லைன்னு உறுதி சொல்றவங்க வலது கையைத் தூக்கலாம்."

ஒரு கையும் எழவில்லை. டாக்டர் மெல்லச் சுற்றிப் பார்த்தார். பொருளாளர் இடது கையால் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். எட்டுப் பக்கக்காரரின் விரலில் பெரிய கட்டு.

"என்னங்க ஆச்சு விரலுக்கு?"

"ஓட்டுப் போட்ட மை."

"எந்தத் தேர்தல்?"

"தேர்தலே இல்லையே, அதான் கட்டுப் போட்டிருக்கேன்."

"தலைவரே, நீங்க தூக்குங்க முதல்ல," என்றது ஒரு குரல். தலைவரின் வலது கை மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

மெஷின் டாக்டர் எழுந்தார். சங்கம் தழைக்க அப்படிப்பட்டவர்கள் வேண்டும். "பொது சுகாதாரத்தை முன்னிட்டு, உறுப்பினர்கள் கையுறை அணிந்து உறுதி சொல்லலாம்னு திருத்தம் கொண்டுவர்றேன்."

கையுறைகள் வந்தன. வெள்ளை வெளேரென்று நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன. பயன்பாடு பூஜ்யம் என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த தலைவர் மெஷின் டாக்டர்தான் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய் மாலை பையனை மூன்று பேர் பிடித்திருந்தார்கள். டாக்டர் கையுறையுடன் துளைக்கருவியை முடுக்கினார். பள்ளி விட்டு நேரே கிளினிக்குக்கு வந்த மகள் கதவருகே நின்று, காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"அப்பா, எனக்குத் தடவின மருந்தை இவனுக்கும் தடவு. வலிக்கவே வலிக்காதுடா. இங்க பாரு." வாயைத் திறந்து கறுத்த பல்லைப் பையனுக்குக் காட்டினாள். "கிளவுஸைக் கழட்டிட்டுத் தடவுப்பா. எனக்கு அப்படித்தானே தடவினே."

கருவி நின்றது. பேருந்து நிறுத்தம் வரை அமைதி.

"கழட்டுங்க டாக்டர்," என்றாள் பையனின் அம்மா.

கழற்றினார். அவள் அந்த விரலைப் பார்த்தாள்.

"மருந்து இருக்குன்னு சொன்னீங்க. யாருக்குன்னுதான் சொல்லல."