லோரிக்குப் பயப்படும் வியாதி

மனித மனத்தை ஆராய்ந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் மனத்தையும் லோரியையும் ஒருசேர ஆராய்ந்து, லோரியை அப்படியே விட்டுவிட்டு மனத்தை மட்டும் பழுதுபார்த்த பெருமை, கேமரன் மலையில் ஒரே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குத்தான் உண்டு. அந்தப் பெருமையில் பாதி கிரகரி கிராணியைச் சேரும்.

கிரகரி தோட்டத்து ஆபீசின் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா. துரை சொன்னதை ஆட்களிடம் சொல்வதும், ஆட்கள் சொன்னதைத் துரையிடம் சொல்லாமல் விடுவதும் அவருடைய பொறுப்பு. லோரிக்குப் பிரேக் சரியில்லை என்று டிரைவர் இருளப்பன் வந்து நின்றபோது, "பார்க்கலாம்லா" என்று அனுப்பிவைத்தார். இருளப்பன் மறுபடியும் வந்தான். பிறகு கொழுந்து பறிக்கும் பெண்களும் சேர்ந்து வந்தார்கள். அந்த லோரியில்தான் அவர்கள் காலையில் மலையேறி மாலையில் இறங்க வேண்டும்.

துரை, அதாவது மானேஜர் லிங்கேஸ்வரன், மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. அவர் நவீனமானவர். கோலாலம்பூரிலிருந்து வசுமதி என்ற 'மனநல ஆலோசகரை' வரவழைத்தார்.

வசுமதி ஆபீஸ் ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போடவைத்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். விடியுமுன்னே எழுந்து சமைத்துவிட்டு வந்த பெண்களில் பாதிப்பேர் அப்படியே தூங்கிப்போனார்கள். 'ஆழ்ந்த உள்ளமைதி' என்று வசுமதி துரையிடம் கிசுகிசுத்தார். பிறகு இருளப்பனிடம் வந்தார்.

"உங்க மனசுல என்ன பயம், சொல்லுங்க."

"பிரேக் பிடிக்கல மேடம்."

"அது லோரி. நான் மனசைக் கேக்கிறேன்."

"மனசுலயும் அதான் மேடம் இருக்கு."

"சின்ன வயசுல உங்க அப்பா உங்களை எங்கயாவது விட்டுட்டுப் போயிருக்காரா?"

இருளப்பன் யோசித்தான். "ஒரு தடவ திரிங்காப் சந்தையில, காய்கறி லோரிகிட்ட விட்டுட்டு வந்துட்டாரு."

வசுமதி வெற்றியோடு கிரகரியைத் திரும்பிப் பார்த்தார். பிரேக் கோளாற்றின் வேர் கிடைத்துவிட்டது.

அன்று மாலைக்குள் அறிவியல் தன் தீர்ப்பை வழங்கியது. இருளப்பனுக்கு 'வாகன அச்சம்'. பெண்களுக்குப் 'பேரழிவுச் சிந்தனை'. சத்தம் போட்ட கொழுந்துக்காரி மணியம்மாவுக்கு 'அடக்கப்பட்ட கோபம்'. மணியம்மா தன் கோபத்தை ஒரு நாளும் அடக்கியதில்லை என்பது ஆட்கள் குடியிருந்த லயம் முழுக்கத் தெரிந்திருந்தும் அறிவியல் அசரவில்லை. எல்லாருக்கும் ஒரே மருந்து: 'எதிர்கொள்ளல் சிகிச்சை'. எதைக் கண்டு பயமோ, அதிலேயே தினமும் ஏற வேண்டும். இறக்கம் வந்தால் மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விட வேண்டும்.

கிரகரிக்கு 'மனநலத் தோழர்' என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். அவர் வசுமதியின் சொற்களில் மயங்கிவிட்டார். இத்தனை காலம் "முடியாது" என்று சொல்லித் திட்டு வாங்கியவருக்கு, இப்போது அதையே ஒரு நோயின் பெயரால் சொல்ல முடிந்தது. லீவு கேட்டவனுக்குத் 'தவிர்ப்பு நடத்தை'. கூரை ஒழுகுது என்றவளுக்கு 'எதிர்மறை எண்ணம்'.

அவர் மனைவி வெரோனிகா மலைப்பாதையின் நடுவில் இருந்த தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தாள். அவளும் அதே லோரியில்தான் போய்வந்தாள்.

"இன்னிக்கி வளைவுல கருகுற மணம் அடிச்சுச்சுங்க," என்றாள் சோறு போட்டுக்கொண்டே.

"அது மணம் இல்ல வெரோனிகா, மனம். உள்ள இருக்கிற பதற்றம் மூக்கு வழியா வருது."

வெரோனிகா குழம்பை அவருக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்த வாரமே, மழை பெய்த மாலையில், 'குணமடைந்துவிட்டார்' என்று கைதட்டல் வாங்கிய இருளப்பன் லோரியை இறக்கினான். ஃபேக்டரி ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தாண்டிய வளைவில் பிரேக் முழுசாக விட்டுப்போனது. அவன் லோரியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் தேயிலைச் செடிகளுக்குள் திருப்பி ஏற்றினான். உயிர்கள் பிழைத்தன. வெரோனிகாவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு வசுமதி ஒரு டப்பா ஸ்ட்ராபெரியோடு வந்தார்.

"கிரகரி, உங்க கோபம் இயல்பானது. துக்கத்துக்குப் படிகள் இருக்கு. கோபம் ரெண்டாவது படி. கடைசிப் படியில எல்லாத்தையும் ஏத்துக்குவீங்க."

"அவளால படி ஏற முடியாது மேடம்," என்றார் கிரகரி.

கட்டிலில் கிடந்த வெரோனிகா கண்ணைத் திறந்தாள். "கேளுங்க அவங்கள. ஒடஞ்சது காலுலயா, மனசுலயான்னு."

கிரகரி சட்டையில் குத்தியிருந்த வில்லையைக் கழற்றினார்.

தோட்டம் சும்மா இருக்கவில்லை. லோரியை இழுத்துவந்து, நசுங்கியதைத் தட்டி, பளபளவென்று பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். பிரேக்குக்குப் பெயிண்ட் அடிக்க முடியாது என்பதால் அதை அப்படியே விட்டார்கள். பிறகு துரை 'மீண்டெழும் நாள்' என்று ஒரு கூட்டம் போட்டார். ஆட்கள் வந்தார்கள், ஆனால் ஒருவரும் லோரியில் ஏறவில்லை.

"இது கூட்டு அச்சம்," என்றார் வசுமதி.

"கிரகரி, எடுத்துச் சொல்லுங்க," என்றார் துரை.

கிரகரி மைக்கை வாங்கினார். "யாரும் பயப்பட வேணாம். மேடம் சொன்ன எதிர்கொள்ளல் சிகிச்சைய இன்னிக்கித் துரையே நமக்குச் செஞ்சு காட்டப்போறாரு. துரை முன்சீட்டு. மேடம் பக்கத்துல. இருளப்பா, அதே வளைவு வரைக்கும் இறக்கு."

கைதட்டல் மலையில் எதிரொலித்தது. மணியம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்க துரை. மூச்ச இழுத்து மெதுவா விடுங்க."

துரை லோரியைப் பார்த்தார். இறக்கத்தைப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் பனிமூட்டம் மட்டுமே தெரிந்தது.

"போலாம்... போலாம்லா. ஆனா மொதல்ல மெக்கானிக் ஒரு தடவ பார்த்துட்டா நல்லது, இல்லயா?"

"நிச்சயமா," என்றார் வசுமதி அவசரமாக. "அதுக்குப் பேரு முன்னெச்சரிக்கை. ஆரோக்கியமான மனசோட அடையாளம்."

மத்தியானச் சோற்றுக்கு முன்னே தானா ராத்தாவிலிருந்து மெக்கானிக் வந்தான். புதுப் பிரேக் போட்டான், போனான்.

வெரோனிகா இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். வசுமதி எங்கோ ஒரு மாநாட்டில் இந்தத் தோட்டத்தின் வெற்றியைப் பற்றி உருக்கமாகப் பேசினாராம். பேசட்டும், அறிவியல் வளர வேண்டியதுதான். அந்த மலையில் தொழிலாளி பயந்தால் ஆலோசகர் வருவார். துரை பயந்தால்தான் மெக்கானிக் வருவான்.