பிரினா விழாத விவகாரம்

ஸ்லோவேனியாவில் மலையோரமாக இருக்கும் எங்கள் ஊரில், ஐந்து வயது முடிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பனிச்சறுக்கு முறைப்படி கற்றுத்தரப்படும். சனிக்கிழமைக்கு ஒரு வகுப்பு, மொத்தம் பத்து. முடிவில் பதக்கம். பதக்கம் இல்லாத பிள்ளை உச்சிக்குப் போகும் ரோப் காரில் ஏற முடியாது.

என் மகள் பிரினாவுக்குப் பதக்கத்தின் மேல் ஆசை இல்லை. உச்சியில் ஒரு மரக்கடை இருக்கிறது. அங்கே ஏப்ரிகாட் ஜாம் வைத்து க்ரோஃப் என்கிற இனிப்பு பன்னைப் பொரித்துத் தருவார்கள். அதற்காகத்தான் உயிரை விட்டாள்.

அவளிடம் ஒரே ஒரு குறை. அவளுக்கு ஏற்கெனவே சறுக்கத் தெரியும். மூன்று வயதிலிருந்தே வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவில் சறுக்கி வளர்ந்தவள். சேர்க்கைப் படிவத்தில் இதை நான் பெருமையாக எழுதித் தொலைத்தேன்.

பயிற்சிக் குழுவின் செயலர் லுத்விக், முப்பது வருட அனுபவமும் அதற்கேற்ற மீசையும் உடையவர். "பயிற்சியின் முதற்கட்டம் விழுதல்" என்று அவர் அறிவித்தார். பிள்ளைக்கு ஓர் அட்டை. அதில் பன்னிரண்டு கட்டங்கள்: இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு. விழ விழ டீச்சர் கையெழுத்திடுவார். பன்னிரண்டும் நிரம்பினால்தான் பதக்கம்.

மூன்று வாரமாகியும் பிரினாவின் அட்டை வெறுமையாக இருந்தது. வீட்டுக்குக் கடிதம் வந்தது: 'தங்கள் மகள் விழுவதில் போதிய முனைப்புக் காட்டவில்லை என வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது. பெற்றோர் ஆவன செய்யவும்.'

பிரினாவையும் இழுத்துக்கொண்டு பயிற்சிச் சரிவுக்கு அடித்துப் பிடித்து ஓடினேன்.

"சார், அவ விழலைன்னா நல்லதுதானே?"

"யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. உங்க பொண்ணு யானையைவிட ஒசத்தியா?" என்றார் லுத்விக்.

"அவளுக்கு ஏற்கெனவே தெரியும் சார்."

"யார் கத்துக்கொடுத்தாங்க?"

"யாருமில்ல. தானாவே..."

"யாரும் கத்துக்கொடுக்காதது எப்படித் தெரியும்? அப்ப தெரியாதுன்னுதானே அர்த்தம்!"

விழுவது எப்படி என்று அவரே செய்துகாட்டினார். விதிப்படி இடப்பக்கம் சாய்ந்தவர் குப்புற விழுந்தார். மீசை முழுக்கப் பனி. ஒட்டவே இல்லை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"எழுந்திருங்க சார்."

"எழுந்திருக்கிறது வேற பிரிவு. அந்த டீச்சர் இன்னைக்கு லீவு."

பிரினாதான் தன் சறுக்குக் கோலை நீட்டினாள். "தாத்தா, இதைப் பிடிச்சுக்கோங்க."

இதற்குள் விழுவது ஊரில் ஒரு நாகரிகமாகிவிட்டது. சரிவின் அடியில் சூடான ஒயின் குடித்தபடி பெற்றோர் பேசிக்கொள்வதே அதைப் பற்றித்தான்.

"என் பையன் இதுவரைக்கும் பதினேழு!" என்றார் பக்கத்து வீட்டு யெர்னேய்.

"பன்னிரண்டுதானே வேணும்?"

"இருக்கட்டுமே, கெட்டா போகுது?"

பையனுக்கு விழுவதற்கென்றே பஞ்சு வைத்த ஆரஞ்சுக் கால்சட்டை வாங்கியிருந்தார். அடுத்த சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் ஆரஞ்சு. நானும் வாங்கினேன். ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா?

வீட்டுக் கூடத்தில் மெத்தையைப் போட்டுப் பயிற்சி தொடங்கினேன். மனைவி ஆலென்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நல்லா இருக்கு லட்சணம்! பிள்ளை விழுந்தா அப்பன் தூக்கிவிடுவான். நீங்க தள்ளிவிடுறீங்க."

"அப்பா, விழுந்தா க்ரோஃப் கிடைக்குமா?" என்றாள் பிரினா.

"கண்டிப்பா கண்ணு."

அவள் எதையும் அரைமனதாகச் செய்கிறவள் அல்ல. பத்தாவது சனிக்கிழமை இடம், வலம், பின் என்று வரிசை மாறாமல் பன்னிரண்டு முறை விழுந்தாள். லுத்விக் கண் கலங்கிவிட்டார். 'இவ்வாண்டின் சிறந்த சறுக்கு வீராங்கனை' என்று தங்கப் பதக்கம் போட்டார். நானும் கை வலிக்கத் தட்டினேன்.

அன்றே இருவரும் உச்சிக்குப் போனோம். இரண்டு க்ரோஃப் தின்றாள். மூக்கில் சர்க்கரைத் தூளோடு அவள் சிரித்தபோது, பட்ட பாடெல்லாம் தகும் என்று தோன்றியது. பிறகு சறுக்கிக்கொண்டு இறங்கினோம். முதல் திருப்பத்தில் இடப்பக்கம் விழுந்தாள். அடுத்ததில் வலப்பக்கம். அதற்கடுத்து பின்பக்கம். பத்து நிமிடத்தில் இறங்க வேண்டியவள் கீழே வர ஒரு மணி நேரம் ஆனது.

"ஏன் கண்ணு விழுந்துக்கிட்டே வர்ற? உனக்குத்தான் நல்லாத் தெரியுமே!"

"விழாம வந்தா மெடலைப் பிடுங்கிக்குவாங்கப்பா. அப்புறம் க்ரோஃப்?"

நேராக லுத்விக்கிடம் போய் முறையிட்டேன். அவர் பதறவே இல்லை.

"கவலையே படாதீங்க. விழாம சறுக்குறதுதான் ரெண்டாம் வருஷப் பாடம். ஒண்ணும் தெரியாத பிள்ளைங்களுக்கு மட்டும்தான் இடம். அதோ, வரிசை நிக்குது பாருங்க."

யெர்னேய்தான் முதல் ஆள். முழங்கையால் ஆறு பேரைத் தள்ளி நான் இரண்டாவதானேன். படிவத்தில் ஒரு கேள்வி: 'குழந்தை இதற்கு முன் எப்போதாவது விழாமல் சறுக்கியதுண்டா?'

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.