தடிக்குத் தப்பாத பந்து

தெரியாத விசயத்தில் நான் வாய் திறப்பதில்லை. எனக்குத் தெரியாத விசயம் என்று ஒன்று இருப்பதுதான் எனக்கு லேசில் தெரிவதில்லை. இதை முதலே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இல்லாவிட்டால் என் மகள் வதனி சொல்லி விடுவாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நிற்கும்வரை எங்கள் பள்ளிக்கூடத்து எல்லே அணியில் பந்து எறிந்தவள் நான்தான். எல்லே என்பது தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற விளையாட்டு. நாங்கள் விளையாடிய முறையில், அடிப்பவளுக்குப் பந்து எறிவது அவளுடைய சொந்த அணிக்காரிதான். தடி எங்கே வரும் என்று பார்த்து, பந்தை அங்கே வைக்க வேண்டும். (சாப்பாட்டுக் கோப்பையிலை சோறு வைக்கிற மாதிரி.) என் பந்தை அடிக்காமல் விட்டவள் ஒருத்தியும் இல்லை.

இத்தாலியில், பலெர்மோவில் நான் சமைக்கிற வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் மகன் சல்வோ, ஒரு சின்ன பேஸ்போல் அணிக்குப் பயிற்சியாளர். வதனியின் புருசன், என் மருமகன் றெஜியும் அந்த அணியில்தான் இருந்தார். பகலில் ஹோட்டல் வேலை, பின்னேரம் பந்து. எறிகாரர் என்று பெயர், ஆனால் அந்த வருடம் அவருக்குக் கை சரிவரவில்லை. வேகம் இருந்தது, பந்துதான் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. ஒரு தரம் நடுவரின் முழங்காலுக்குப் போனதாம். அதற்குப் பிறகு அவரை ஆட விடாமல் வாங்கிலில் இருத்தி விட்டார்கள். இதெல்லாம் வதனி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசைக்குப் போகிறவள், ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் சல்வோ சாப்பிடாமல் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். அவன் இத்தாலியனில் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

“ரோசா, முதல் எறியிறவன் களைச்சால் கடைசியிலை இறக்க ஒருத்தனும் இல்லை. ஒருத்தனுக்குத் தோள் விலகிப் போச்சு. மற்றவன் வேலை கிடைச்சு மிலானுக்குப் போயிட்டான். வாற ஞாயிறு தோத்தால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிறதுதான்.”

“றெஜியை இறக்கன்.”

“றெஜியோ! அவன்ரை பந்து எங்கை போகுமெண்டு கடவுளுக்கும் தெரியாதே.”

“அது அப்ப. ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் ஃபாவொரித்தா பூங்காவிலை எங்கடை சனத்துக்கு நாள் முழுக்க எறிஞ்சவர். ஒரு பந்தும் அங்கை இஞ்சை போகேல்லை. வைச்ச இடத்திலை நிண்டது. நான் என்ரை கண்ணாலை பார்த்தனான்.”

அது முழு உண்மை. நாங்கள் அன்று விளையாடியது எல்லே என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. (அவன் கேக்கவும் இல்லை.) வழியில்லாத மனிதன் எதையும் நம்புவான். கோப்பி குடித்து முடிக்க முன்னம் முடிவு எடுத்தாயிற்று.

வீட்டில் சொன்னபோது றெஜியின் முகம் கறுத்தது.

“மாமி, அண்டைக்கு எறிஞ்சது எங்கடை ஆக்கள் அடிக்கிறதுக்கு. பேஸ்போல்லை அப்பிடி இல்லை...”

“பந்து பந்துதான், தம்பி. நான் எறிஞ்ச காலத்திலை நீங்கள் பிறக்கவுமில்லை. எனக்குப் படிப்பிக்க வராதையுங்கோ.”

அவர் வாயை மூடிக்கொண்டார். நல்ல பிள்ளை. அதுதான் பிழையாய்ப் போனது.

அந்த ஞாயிறு காலைப் பூசையை முடித்துக்கொண்டு, கபோ சந்தையில் வாங்கிய லீக்ஸ் கறி வைத்துச் சுருட்டி, அணிக்கென்று எண்பது ரோல்ஸ் பொரித்து எடுத்துப் போனேன். வதனிக்கு வேலை, பிந்தித்தான் வருவாள். மைதானத்தில் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். நான் நிழலில் போய் இருந்தேன். (வெயிலிலை காய நான் என்ன வத்தலோ?) அந்த நிழல் எதிரணிச் சனத்தின் பக்கம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கடைசிச் சுற்று. எங்கள் ஆட்கள் மூன்று ஓட்டம் முன்னுக்கு. எதிரணியின் மூன்று பேரை வெளியேற்றினால் போதும். முதல் எறிகாரன் களைத்துப் போனான். சல்வோ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு றெஜியை அனுப்பினான்.

முதற் பந்து அடிக்கிறவனின் தலைக்கு மேலால் போனது. இரண்டாவது நிலத்தில் குத்தியது. றெஜி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் அண்ணாந்து பார்த்தார். நான் எழும்பி நின்று கையால் காட்டினேன்: மெதுவாய், தடிக்கு வையுங்கோ.

மனுசன் வைத்தார்.

டொக்! பந்து வேலிக்கு அங்கால். நான் கை தட்டினேன். சுற்றியிருந்த சனமெல்லாம் துள்ளி எழும்பிக் கை தட்டியது. என் மருமகனில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு பட்சமா என்று எனக்குக் கண் கலங்கியது. அடுத்த பந்தும் டொக். “அப்பிடித்தான் தம்பி! இன்னும் கொஞ்சம் மெதுவாய்!” என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த கிழவர் என்னைக் கட்டிப்பிடித்தார். ஒரு தடித்த பொம்பிளை தன் நீலத் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாள். அவ்வளவு அன்புக்கு நான் என்ன செய்வேன்? பெட்டியைத் திறந்து ரோல்ஸ் கொடுக்கத் தொடங்கினேன்.

எண்பதும் முடிகிற நேரம் வதனி வந்தாள்.

“அம்மா! என்ன செய்யிறியள்?”

“உன்ரை மனிசன்ரை எறியைப் பார் பிள்ளை! ஒண்டும் தப்பேல்லை!”

“ஐயோ அம்மா, அடிக்கிறது எதிராளியள்! நாங்கள் தோக்கிறம்!”

“அப்ப ஏன் உவர் அவங்கள் அடிக்கிற மாதிரி எறியிறார்?”

“நீங்கள்தானாமே கையைக் காட்டினியள்! வாசல்லை நிண்ட ஆக்கள் சொல்லிச் சிரிக்கினம்!”

அந்த நேரம் சல்வோ மைதானத்தின் நடுவுக்குப் போய் றெஜியிடம் ஏதோ கேட்டான். றெஜி விரலை நீட்டி என்னைக் காட்டினார். முழு அணியும் திரும்பிப் பார்த்தது: தலையில் எதிரணித் தொப்பி, கையில் கடைசி ரோல்ஸ். அதையும் கிழவர் வாங்கிக்கொண்டார்.

ஒரு ஓட்டத்தால் தோற்றோம். அணி கீழே இறங்கியது.

காரில் வீட்டுக்கு வெளிக்கிட்டோம். எங்கள் வீடு இருக்கிற பிரான்காச்சோவுக்குத் திரும்புகிற சந்தியில் றெஜி கேட்டார். “மாமி, ரோல்ஸ் ஒண்டாவது மிச்சம் இருக்கோ?”

இல்லை.

திங்கட்கிழமை சிஞ்ஞோரா வீட்டுக்கு என் வேலை போய்விடும் என்ற நினைப்போடுதான் போனேன். சல்வோ கத்தவில்லை. “றெஜி இனி ஆட்டத்திலை எறிய வேண்டாம். எங்கடை பெடியள் அடிச்சுப் பழக எறியட்டும்,” என்றான். றெஜி வாரம் மூன்று நாள் எறிந்தார். பெடியளுக்கு அடி பிடிபட்டுவிட்டது. அடுத்த வருடமே அணி மேலே ஏறியது. சல்வோ எனக்கு சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் தோடம்பழம் ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தான். ஆனால் றெஜிக்கு ஆட்டத்தில் எறிய ஆசை இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. ரோல்ஸ் பொரித்தால் முதல் கோப்பை அவருக்குத்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால், பஸ் தவறினால், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிப் பத்திரத்தில் பிழை என்று திருப்பி அனுப்பினால், வதனி எழும்பி நின்று கை தட்டுவாள். றெஜி, “அப்பிடித்தான்! இன்னும் கொஞ்சம் மெதுவாய்!” என்பார். நீலத் தொப்பி குசினிக் கதவின் பின்னால் தொங்குகிறது.

சிரிக்கட்டும். ஆனால் நான் கையைக் காட்டிய பிறகு ஒரு பந்தாவது தடிக்குத் தப்பிப் போனதா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.